நாற்பது சொல்லுக்குள் ஒரு பதில்

மார்ச் 4, புதன்கிழமை
காலை 11.20

அக்கா,

பதினேழு முறை. கடந்த மூன்று திங்கட்கிழமைகளில் உன் வீட்டு இணைப்பிலிருந்து பதினேழு முறை ஒரே கேள்வி எங்கள் தளத்துக்கு வந்திருக்கிறது. வார்த்தைகள்தான் மாறுகின்றன, விஷயம் மாறவில்லை. "அந்தக் காலத்தில் புருஷனை விட்டு வந்த பெண் எங்கே தங்குவாள்?" "பழங்காலத்தில் பிரிந்து போகும் மனைவி, கொண்டுவந்த பொருளைத் திருப்பிக் கேட்கலாமா?" "தனியாக வந்தவளுக்கு முன்பெல்லாம் யார் இடம் கொடுத்தார்கள்?"

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள். சரித்திரத்தைப் பற்றியும் முன்னோர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் ஜனங்கள் எங்கள் தளத்தில் கேள்வி கேட்பார்கள். ராஜாக்கள் தினமும் குளித்தார்களா, கண்ணாடி இல்லாத காலத்தில் முகம் எப்படிப் பார்த்தார்கள், இப்படி. வெளியாட்கள் சிலர் பதில் எழுதி அனுப்புவார்கள். அதை நாற்பது சொல்லுக்குள் நறுக்குகிற புரோகிராமை எழுதியவன் நான், அது திணறுகிற இடத்தில் கையால் வெட்டுகிறவனும் நான். பதில் இல்லாத கேள்விகளின் பட்டியல் தினமும் என் மேஜைக்கு வரும், எந்த இணைப்பிலிருந்து வந்தது என்ற எண்ணோடு. உன் வீட்டு இணைப்பைப் போட்டுக் கொடுத்தவன் நான். அந்த எண் எனக்கு மனப்பாடம். நீ தினமும் படிக்கப் போகிற நூலகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அன்று வீட்டில் இருப்பாய் என்பதும் தெரியும்.

போன் செய்யாததற்குக் காரணம், நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாய். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் நூலக முகவரிக்கு இதை அனுப்புகிறேன்.

கேள்விகள் இவைதான். அத்தான் கை நீட்டுகிறாரா? நீ வீட்டை விட்டுக் கிளம்பப் போகிறாயா? என் அறையில் கட்டில் போட இடம் இருக்கிறது, வருகிறாயா? ஆம், இல்லை போதும். சுற்றி வளைக்காதே.

தம்பி

---

மார்ச் 7, சனிக்கிழமை

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நலமா என்று ஒரு வார்த்தை எழுதினால் உன் பேனாவில் மை தீர்ந்துவிடுமா? நாங்கள் நலம். மாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. அத்தானின் கண்ணாடிக் கடைக்குப் புதிதாக லென்ஸ் தேய்க்கிற மெஷின் வந்திருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதத்தை நூலகர் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தார். "மேடம், இந்தக் காலத்துல யாரு மேடம் கவர் ஒட்டி அனுப்பறாங்க? காதல் கடுதாசியா?" என்றார். "தம்பி எழுதியிருக்கான்" என்றேன். முகம் வாடிப்போய்விட்டது பாவம்.

உன் மூன்று கேள்விக்கும் பதில்: இல்லை, இல்லை, உன் அறையில் உனக்கே கால் நீட்ட இடமில்லை.

ஏன் அந்தக் கேள்விகளைக் கேட்டேன் என்றால், ஒரு காரணம் இருக்கிறது. மாத முடிவில் சொல்கிறேன். நீ பயப்படுகிற காரணம் இல்லை. அதுவரை அத்தானிடம் வாயைத் திறக்காதே. இது எனக்கு முக்கியம், தம்பி. விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. முகம் தெரியாத ஒருத்தி எதையோ தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறாள். அவள் எந்த வீட்டில் உட்கார்ந்து கேட்டாள் என்று எட்டிப் பார்ப்பதும் உன் வேலையில் சேர்த்தியா? எழுதுகையில் எனக்கு உடம்பு கூசுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன் அக்கா

---

மார்ச் 9, திங்கட்கிழமை
மாலை 5.45

அக்கா,

நலமா? எழுதிவிட்டேன், போதுமா?

மாத முடிவு வரை பொறு என்றால் பொறுக்கிற ஆளா நான்? "பயப்படுகிற காரணம் இல்லை" என்று யார் எழுதுவார்கள்? பயப்படுகிற காரணம் இருக்கிறவர்கள்தான். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். தொட்டி, மெஷின், நூலகர் என்று ஊர்க்கதை எல்லாம் இருக்கிறது, கேட்டதற்குப் பதில் இல்லை.

அத்தானுக்குப் போன் செய்துவிட்டேன். இன்று மதியம், கடைக்கு.

"அத்தான், அக்காவை என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? காலைல டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை கம்மின்னா."

"விளையாடாதீங்க. அவ வீட்டை விட்டுப் போறதுக்கு வழி தேடிட்டிருக்கா. மூணு வாரமா."

"யாரு?"

"உங்க பொண்டாட்டி!"

அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். "ஆள் வந்திருக்காங்க, வச்சிடறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நீ திட்டுவாய். திட்டு. ஆனால் உடைந்த குழாயை மாத முடிவு வரை ஒழுகவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வராது.

இன்று எல்லாமே எரிச்சல்தான். ஆபீஸில் பன்னிரண்டாம் எண் எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். பெயர் தெரியாது, வெளியாட்களை நாங்கள் எண்ணால்தான் குறிப்பிடுவோம். எழுத்தைப் பார்த்தால் பெண் என்று தெரிகிறது. ஆபீஸில் எல்லோரும் வைத்திருக்கிற பெயர் 'ஒருவேளை அம்மா'. எதைக் கேட்டாலும் "ஒருவேளை", "சில இடங்களில்", "உறுதியாகச் சொல்ல முடியாது". பழைய காலத்தில் எல்லோரும் நாற்பது வயதில் செத்துப்போனார்களா என்று ஒருவன் கேட்டான். ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். சிறு வயதில் ஏராளமான குழந்தைகள் இறந்ததால் சராசரி கீழே இறங்குகிறதாம், தப்பிப் பிழைத்தவர்கள் பலர் அறுபதைத் தாண்டினார்களாம். அதோடு விடவில்லை. ஐந்து பெற்று மூன்றைப் புதைத்த தாய் சராசரியைப் பற்றி என்ன நினைத்திருப்பாள் என்று ஒரு பத்தி! கேட்டவன் பஸ் பிடிக்க வேண்டும் அக்கா. நான் "இல்லை" என்று ஆரம்பித்து இருபத்தொரு சொல்லில் முடித்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், மேலிடம் அந்த அம்மாவுக்கு 'வீடும் வாழ்வும்' பகுதியை முழுசாகக் கொடுத்து, மாத முடிவில் நிரந்தரமாக்கப் போகிறதாம். என் கருத்தைக் கேட்டார்கள். வேண்டாம் என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். சுருக்கத் தெரியாதவர் என்று காரணம் சொன்னேன். என் வார்த்தைக்கு அங்கே எடை உண்டு.

உடனே பதில் எழுது.

தம்பி

---

மார்ச் 12, வியாழக்கிழமை

தம்பி,

அந்தப் பன்னிரண்டாம் எண் நான்தான்.

இரண்டு வருடமாக. விளம்பரம் பார்த்து விண்ணப்பித்தேன். நீ அந்தக் கம்பெனி என்று தெரியும், ஆனால் நீ அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்று நினைத்திருந்தேன். என் வார்த்தைகளை வெட்டுகிற கை யாருடையது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். படிக்கத் தெரிந்த, ஆனால் படிக்கப் பொறுமை இல்லாத ஒருவன் என்று கண்டுபிடித்தேன். அவனுக்கு நானே சோறு ஊட்டியிருக்கிறேன் என்று உன் முதல் கடிதம் வரும்வரை தெரியாது.

அந்தப் பதினேழு கேள்வியும் என் வேலை. ஒரு கேள்வியை ஜனங்கள் எப்படியெல்லாம் கேட்பார்கள், கேட்டால் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவேன். போன மாதம் கொள்ளைநோயில் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்று முப்பது தடவை கேட்டேன். அப்போது நீ டாக்டரை அனுப்பவில்லையே?

ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் தையல் கற்றேன், பிறகு கணக்குப்பதிவு, பிறகு அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு. ஒவ்வொன்றையும் ஆரம்பித்தபோது எல்லோரும் வாழ்த்தினீர்கள். விட்டபோது எல்லோரும் வரிசையில் வந்து ஆறுதல் சொன்னீர்கள். வாழ்த்தும் ஆறுதலும் வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. இது கையில் நிலைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். மாத முடிவில், நிரந்தரம் என்று தாள் வந்ததும், அவரிடம் முதலில். பிறகு உன்னிடம்.

திங்கட்கிழமை சாயந்திரம் அவர் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் தம்பி போன் பண்ணான். நீ எங்கயோ போறியாமே."

"நான் எங்க போறேன்? அடுப்புல பால் இருக்கு."

"தேடினியா, இல்லையா?"

"தேடினேன். வேலைக்காகத் தேடினேன்."

"என்ன வேலை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. என் பதில்களைக் காட்டச் சொன்னார். தளத்தைத் திறந்து கொடுத்தேன். ஏழெட்டுப் படித்தார். "இது நீ எழுதின மாதிரி இல்லையே" என்றார். "நீ ஒரு விஷயத்தைச் சொன்னா அடுத்த தெரு வரைக்கும் போயிட்டு வருவியே." எப்படித் தம்பி இருக்கும்? நீதான் வெட்டிவிட்டாயே. எடுத்துக்காட்ட என் எழுத்து அங்கே ஒரு வரி இல்லை.

கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்து வாசித்தேன். அதே கேள்விக்கு எழுதியதுதான். மூவாயிரத்து எழுநூறு வருடத்துக்கு முந்தைய பாபிலோனியச் சட்டம் ஒன்று இருக்கிறது. புருஷன் வெளியே சுற்றி மனைவியை மட்டம் தட்டுகிறவனாக இருந்து, அவள்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் தெரிந்தால், அவள் கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போகலாம். குற்றம் அவள்மேல் என்றால் ஆற்றில் எறிந்துவிடுவார்கள். நடுவில் ஒன்றும் கிடையாது. வேறு தேசங்களில் துறவி மடங்கள் இடம் கொடுத்தன. சிலர் பணக்கார வீடுகளில் வேலைக்குப் போனார்கள். பெரும்பாலானவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதைத்தான் கடைசியில் எழுதியிருந்தேன், தெரியவில்லை என்று.

அவர் முழுசும் கேட்டார். பிறகு சொன்னார்: "ரெண்டு வருஷமா ஒரு வேலை பாக்கற. எனக்குத் தெரியல. போறவங்க எங்க போவாங்கன்னு நீ தேடவே வேண்டாம். நீ போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

நான் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன்.

நானே, என் நேரத்தில், என் வாயால் சொல்லியிருந்தால் அது ஒரு சந்தோஷச் செய்தி. உன் வாயிலிருந்து போனதால் அது துரோகமாகிவிட்டது.

நீ எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கு என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா

---

மார்ச் 14, சனிக்கிழமை
காலை 10.05

அக்கா,

உன் கடிதம் வந்த பத்து நிமிடத்தில் என் எதிர்ப்பைத் திரும்ப வாங்கிவிட்டேன். பதிலுக்கு ஒரு பக்கம் புகழ்ந்து எழுதிக் கொடுத்தேன். மேலாளர் அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை சுருக்கத் தெரியாதவங்க. இன்னிக்கு பொக்கிஷம். நடுவுல என்னப்பா நடந்துச்சு?" மறுபடி படித்துப் பார்த்தேன் என்றேன். என் காது சூடாகிவிட்டது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எழுதுகிறவரும் வெட்டுகிறவரும் உறவுக்காரர்களாக இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. தெரிந்தால் ஒருவர் போக வேண்டும். வெளியாள் நீ. யாரை அனுப்புவார்கள் என்று உனக்கே தெரியும்.

அதனால் இப்படிச் செய்யலாம். நாம் உறவு என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். இரண்டு வருடமாகத் தெரியாதது இனிமேலா தெரியப்போகிறது? புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டேன், பன்னிரண்டாம் எண்ணின் பதில்கள் இனி வெட்டுக்கு வராது, நேராகத் தளத்துக்குப் போகும். நேற்று ஒன்று போயிருக்கிறது, பார்த்தாயா? உப்பைப் பற்றி. முழு நீளம். முதல்தடவையாக உன்னுடையதை முழுசாகப் படித்தேன். நடுவில் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

அத்தானிடம் இது என் தப்பு என்று நீயே சொல்லிவிடு. நான் பேசினால் இன்னும் கெடும்.

புதன்கிழமைக்குள் சரி என்று ஒரு வரி எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

---

மார்ச் 19, வியாழக்கிழமை

தம்பிக்கு,

புதன்கிழமைக்குள் எழுதவில்லை. எழுத வேண்டிய வேறு கடிதம் ஒன்று இருந்தது.

உங்கள் மேலாளர் அம்மாவுக்கு எழுதிவிட்டேன். வெட்டுகிறவன் என் கூடப்பிறந்தவன், எனக்கே இப்போதுதான் தெரிந்தது என்று. புரோகிராமில் நீ சேர்த்த வரியையும் சொன்னேன். அதை எடுக்கச் சொன்னேன். என் எழுத்து முழுசாகப் போக வேண்டுமானால் அது நல்ல எழுத்து என்பதற்காகப் போகட்டும், என் தம்பி கதவைத் திறந்துவிட்டான் என்பதற்காக வேண்டாம்.

அந்த அம்மா போனில் கூப்பிட்டார். "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்தப் பகுதிய விட்டு விலகணும். நீங்க விலகறீங்களா?" என்று கேட்டார்.

நான் எப்போதும் விலகுகிறவள். உனக்குப் பரீட்சை என்றால் ஜன்னலோர மேஜை உனக்கு. உனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் விளக்கை நான் அணைக்க வேண்டும். அதற்கெல்லாம் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டதும் வாயில் "சரி" என்ற வார்த்தை தயாராக வந்து நின்றது. அது அத்தனை தயாராக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. "இல்லீங்க, நான் விலக மாட்டேன்" என்றேன்.

மாத முடிவுக்கு முன்பே நிரந்தரம் என்று தாள் வந்துவிட்டது. உனக்கு வேறு பகுதி என்று சொன்னார்கள். நீ உருவாக்கியதிலிருந்து உன்னை எடுத்தாயிற்று, அது எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. வராததை எழுதக் கூடாது.

வீட்டில், நான் எங்கும் போகவில்லை. அவரும் போகவில்லை. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேரும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருகிறோம். நேற்றுச் சாப்பிடும்போது, "இன்னிக்கு என்ன கேள்வி?" என்று கேட்டார். விளக்கு வருவதற்கு முன் ஜனங்கள் இரண்டு தவணையாகத் தூங்கினார்களா என்பது கேள்வி. சிலர் அப்படி என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள் என்றேன். "ரெண்டு பக்கமும் ஆள் இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்கு மேல் என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச காலம் நீ போன் செய்ய வேண்டாம். வரவும் வேண்டாம். நீ வந்தால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யப் பார்ப்பாய். நானே கூப்பிடுகிறேன்.

அக்கா

---

மார்ச் 21, சனிக்கிழமை
பகல் 2.30

அக்கா,

முதலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதிலும் திட்டியிருந்தேன், ஆனால் மரியாதையாக.

எனக்குப் பஸ், ரயில் நேரப் பகுதி கொடுத்திருக்கிறார்கள். அங்கே எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான், அதுவும் எண்ணில். சக ஆட்கள் "உனக்காகவே செஞ்ச இடம்டா" என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய புரோகிராமை, மேஜையிலேயே குறட்டை விடுகிற ஒருவனிடம் ஒப்படைக்க வேண்டும். எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். நீ விலக மாட்டேன் என்று சொன்ன இடத்தைப் படிக்கும்போது மட்டும் அந்தக் கோபம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. திரும்ப வந்துவிடுகிறது, கவலைப்படாதே.

நேற்று வேலை ஓடவில்லை. நாற்காலியில் உட்கார முடியாமல் மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன். யாரும் பார்க்காதபோது எங்கள் தளத்தில் நானே ஒரு கேள்வி கேட்டேன், வாழ்க்கையில் முதல்தடவையாக. "அந்தக் காலத்தில் கடிதம் போட்டவர்கள் பதில் வரும்வரை என்ன செய்தார்கள்?" பதில் வந்தது: "காத்திருந்தார்கள். தூரத்தைப் பொறுத்து வாரங்கள் அல்லது மாதங்கள்." கீழே பன்னிரண்டாம் எண். வெட்டியவன் நான், போன வருடம்.

அவ்வளவுதானா? காத்திருந்தபோது என்ன செய்தார்கள்? தூங்கினார்களா? வாசலுக்கும் அறைக்கும் நடந்தார்களா? நீ எழுதியிருப்பாய். மூலப் பிரதியைத் தேடினேன். இல்லை. வெட்டிய ஒரு மாதத்தில் மூலத்தை அழிக்கச் சொல்லி புரோகிராமில் எழுதியதும் நான்தான், இடத்தை அடைக்கிறது என்று. உன்னிடம் பிரதி இருக்கும். அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமைக்குள் மேஜையைக் காலி செய்வேன். குறட்டைக்காரனுக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல்.

2. எந்தக் கேள்வி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று பட்டியலில் காட்டுகிற இடத்தை, போவதற்கு முன் மூடச் சொல்லி மேலாளர் அம்மாவிடம் எழுதிக் கொடுப்பேன். நானாக மூட மாட்டேன்.

3. அத்தான் கடைக்குப் போவேன். உன் வீட்டுக்கு அல்ல, கடைக்கு. மெஷின் ஓடினால் அது நிற்கும்வரை வெளியே நிற்பேன். நீயே சொல்லிவிடு என்று உன் தலையில் கட்டியதை நானே சொல்வேன். அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். திட்டாவிட்டாலும் நிற்பேன்.

4. உன்னைப் பற்றி அவரிடம் எதுவும் விசாரிக்க மாட்டேன்.

5. போன் செய்ய மாட்டேன். வர மாட்டேன்.

6. நீ கூப்பிடாமல் இருந்தால், அதுதான் உன் பதில் என்று முடிவுகட்ட மாட்டேன்.

தம்பி